கிலுகிலுப்பை இனித்த வருஷம்

எங்கள் வெள்வேலம்பாளையத்தை விட்டுக் கசப்பு போனது புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குச்சியை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார்கள். குச்சி கரும்பாக இனித்தது. இனிக்கிற குச்சியைத் துப்புவானேன் என்று மென்று விழுங்கிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஏன் போனது, எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் நின்றபோதும் நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை, கைபேசிக் கோபுரம் வந்தபோதும் கேட்கவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி மட்டும், அம்மனுக்கு வேப்பிலை மாலை கட்டும்போது இரண்டு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அவள் கொடுத்ததை அவளே எடுத்துக்கொண்டாள் என்றார். மாலை கட்டி முடிவதற்குள் பாதி இலை அவர் வயிற்றுக்குள் போயிருந்தது.

அதற்குப் பிறகு ஊர் எப்படி மாறியது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் மாறவில்லை, சாப்பாடு மாறியது. டீக்கடை ரங்கராசு சர்க்கரை டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, வெறும் டிகாக்‌ஷனை ஆற்றிக் கொடுத்தான். குடித்தவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு இன்னொன்று கேட்டார்கள். பாகற்காயைப் பெண்கள் பாயசமாக்கினார்கள். இருமல் மருந்து வாங்கி வந்த வீடுகளில் பாட்டிலைப் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று. பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்ட தாய்மார்களைப் பிள்ளைகள் முன்னைவிடப் பலமாகப் பற்றிக்கொண்டன, நடந்து ஓடி வம்பிழுக்கிற வயசுப் பிள்ளைகளையெல்லாம் இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்கள் களையெடுக்கப் போனார்கள்.

ஐப்பசியில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தாராபுரத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். பந்தியில் முதலில் இனிப்பு வைக்க வேண்டும் என்பதற்காக எங்கள் ஆட்கள் ஆசையாசையாகப் பாகற்காய்க் கேசரி கிண்டி, நெய் மிதக்க இலையில் வைத்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு வாய் போட்டார், எழுந்தார், பந்தலுக்கு வெளியே போய்த் துப்பினார், திரும்பி வந்து, பெண்ணைக் கொடுக்க இஷ்டமில்லையென்றால் வாயால் சொல்லியிருக்கலாமே என்றார். மற்ற ஊர்களில் கசப்பு அப்படியே இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. பொண்ணு வீட்டார் காலில் விழாத குறையாக எடுத்துச் சொல்லித்தான் தாலி ஏறியது.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. மாறியது காய் இல்லை, எங்கள் நாக்கு. எங்கள் ஊர் வேப்பிலை வெளியூர்க்காரன் வாயில் கசந்தது. நாங்கள் எந்த ஊருக்குப் போய் எதைத் தின்றாலும் இனித்தது. வெளியூர் ஆளோ மாடோ எங்கள் ஊரில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் போதும், அந்த நாக்கும் எங்கள் நாக்காகிவிடும். நாக்கோடு சேர்த்து மனசில் இருக்கிற கசப்பும் போயிருக்குமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த ஆசையே வேண்டாம். வரப்புச் சண்டைக்காரர்கள் வரப்பிலேயே நின்றார்கள், பேசாத மாமியார் மருமகள் பேசாமலே பாகற்காய்ப் பாயசத்தைப் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

இனி பாவாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் ஏதாவது போவதென்றால் அது அவளுக்குத்தான் போயிருக்கும். வருஷக்கணக்காகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவள். பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு, இருமி இருமி ஊர் வந்து, சேர்த்து வைத்ததையெல்லாம் செம்மறிகளாக மாற்றிக்கொண்டாள். புருஷன் லாரியோடு வடக்கே போனவன் லாரியோடே இருந்துவிட்டான். ஊரில் பெரிய பண்ணையக்காரரான நல்லசாமியின் காடுகளில் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து அவள் மேய்த்த ஆடுகள் எல்லாம் அந்த வருஷம் சினை. அந்த ஈற்று தேறினால் அவள் ஆடுகளை வைத்தே பிழைத்துக்கொள்வாள். தேறாவிட்டால் தினமும் காலையில் நால்ரோட்டில் வந்து ஹாரன் அடிக்கிற கம்பெனி பஸ்ஸில் மறுபடியும் ஏற வேண்டும். இது ஊருக்கே தெரியும். பஸ் ஹாரன் அடிக்கும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை என்பதும் தெரியும்.

எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். சுற்றிலும் கிலுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, உள்ளே போக ஒரே ஒரு படல். காலையில் ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். கூட ஆள் நிற்பதில்லை. மற்ற ஊர்களில் ஆட்டுக்குப் பின்னால் கோலும் கையுமாக ஒருவர் அலைவதைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். நரிக்கு வேலி இருக்கிறது, எதைத் தின்னலாம் எதைத் தின்னக்கூடாது என்பது ஆட்டுக்கே தெரியும், பிறகு ஆள் எதற்கு? தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். ஆட்டுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது கசப்புதான் என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் அந்தத் தப்பு நடந்தது. முதலில் கோயில் மதிலோரம் மண்டிக் கிடந்த ஆடுதீண்டாப்பாளை காணாமல் போனது. பேரிலேயே ஆடு தீண்டாது என்றிருக்கிற கொடியை ஆடு தின்றுவிட்டுப் போயிருந்தது. பிறகு குளத்தங்கரை எருக்கு, பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஊமத்தை, பிறகு ரோட்டோரத்து ஆடாதொடை. நாங்கள் என்ன செய்தோம்? சந்தோஷப்பட்டோம். ஊர் இவ்வளவு சுத்தமாக இருந்து பார்த்ததே இல்லை என்று நல்லசாமி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார், வெட்டுக்கூலி மிச்சம் என்று எல்லோரும் தலையாட்டினோம், ஆட்டுக்காரர்களுக்கு ரங்கராசு இலவசமாக டீ கொடுத்தான். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் மழை முன்னாலேயே வந்து, கிலுவை வேலியோரமெல்லாம் கிலுகிலுப்பை எழும்பியிருந்தது. இடுப்பளவு வளர்கிற செடி, மஞ்சள் மஞ்சளாய்ப் பூக்கும், காய் முற்றிவிட்டால் காற்றுக்கு உள்ளே விதை கிலுகிலுவென்று ஆடும். அதைச் சுற்றி ஆடுகள் புல்லை வட்டமாகத் தின்றுவிட்டுச் செடியை அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். ஒரு நாள் பாவாத்தா படலைத் திறந்தபோது புல் அப்படியே இருந்தது, செடிகள் மொட்டையாக நின்றன.

சில வாரத்தில் அவளுடைய இரண்டு ஆடுகள் இரையெடுக்காமல் ஒதுங்கின. கண்வெள்ளை மஞ்சளடித்தது. ஒன்று சுற்றிச் சுற்றி ஒரே வட்டத்தில் நடந்தது, இன்னொன்று தொட்டிச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றது. கால்நடை டாக்டர் பர்வீன் ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் இரண்டும் செத்துவிட்டன. டாக்டர் அங்கேயே ஒன்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தார்.

"ஈரல் போயிருக்குங்க. கிலுகிலுப்பைதான். அதுல இருக்கிற விஷம் மெதுவா ஈரலைத் தின்னுடும். இலையைவிட விதை மோசம். பசியோட விட்டா இன்னும் நிறையத் தின்னும்."

"மருந்து இல்லீங்களா?" என்றாள் பாவாத்தா.

"மாத்து மருந்து கிடையாதும்மா. தெம்புக்கு ஊசி போடலாம், அவ்வளவுதான். இனிமேத் தின்னாமப் பாத்துக்கணும். பிடுங்கிக் காயப்போட்டாலும் விஷம் காயாது, தெரிஞ்சுக்குங்க."

கூட நின்ற ரங்கராசு, "அதுதான் இப்ப இனிக்குதுங்களே டாக்டரம்மா, அப்பறம் எப்புடிங்க விஷம்?" என்று கேட்டான்.

"கசப்புதான் போச்சு, விஷம் எங்கயும் போகலை. அபாயம்னு எழுதின போர்டை மட்டும் கழட்டிட்டுப் போயிட்டாங்க, கம்பியில கரண்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் டாக்டர். இருட்டுவதற்குள் எங்கள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பாகற்காய் பாகற்காயாகவே வேண்டும்.

பாவாத்தா அழுதாள். இரண்டு ஆட்டின் வயிற்றிலும் குட்டி இருந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு நேராக டீக்கடைக்கு வந்தாள். நல்லசாமியும் ஊர் ஆண்கள் பாதிப் பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, இனிக் காட்டுக்குள்ள ஆளு நிக்கோணும். நான் மட்டும் நின்னாப் பத்தாது, எல்லாரும் நிக்கோணும். உங்க காட்டுக் காய் வெடிச்சு எங்காட்டுக்குள்ள விழுகுது, எங்காட்டுக் காய் வெடிச்சு உங்க காட்டுக்குள்ள விழுகுது."

நல்லசாமிக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்புள்ள, என்ற அப்பன் காலத்துல இருந்து எங்க காட்டுக்குள்ள ஆளு நின்னதில்ல. அத்தாம் பெரிய வேலி எதுக்குப் போட்டு வெச்சிருக்கறன்?"

"வேலி வெளிய இருந்து வர்றதத்தானுங்கண்ணா தடுக்கும். இது உள்ளயே மொளச்சு நிக்குதுங்களே."

"ரெண்டு ஆடு செத்ததுக்கு ஊரவே காவலுக்குக் கூப்புடறியா? உன்னால ஆகாதுன்னா சொல்லு. கம்பெனி பஸ்ஸு தெனமும் வந்துட்டுத்தான் இருக்குது."

பாவாத்தா அவரை நேராகப் பார்த்து, "அந்த பஸ்ஸுல இனி நான் ஏற மாட்டனுங்கண்ணா. என்ற ஆடு ஈனும், நீங்களே வந்து பாப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நடந்த நடையைப் பார்த்தபோது எங்களுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அவள் காட்டுக்குள் நின்றாள். எங்கள் ஊரில் ஆட்டோடு உள்ளே நின்று பொழுது போக்கிய முதல் ஆள் அவள்தான். செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். முள்வேலிக்கு நடுவே வேர் விட்டதை எப்படிப் பிடுங்குவது, கை கிழிந்ததுதான் மிச்சம். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் போய்த் தின்றன. இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், பட்டியில் ஆட்டுக்குப் போட்ட காய்ந்த சோளத்தட்டில் ஒரு கட்டு அவிழ்ந்து புழுக்கைமேல் விழுந்து மிதிபட்டதையும், அதை ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தாள். நாக்குத்தான் போயிருக்கிறது, மூக்கு இருக்கிறது.

இது எங்களுக்குத் தெரியாத சங்கதியே இல்லை. பயிரை ஆடு கடிக்காமலிருக்க, பாதையோரத்துச் சோளத்துக்கு ஆட்டுப்புழுக்கையைக் கரைத்துத் தெளிப்பது காலங்காலமாக நாங்கள் செய்வதுதான். ஆட்டிடமிருந்து பயிரைக் காப்பாற்ற வைத்திருந்த வித்தையை அவள் செடியிடமிருந்து ஆட்டைக் காப்பாற்ற எடுத்துக்கொண்டாள். ஒரு குடத்தில் புழுக்கையைக் கரைத்து, தேய்ந்த விளக்குமாற்றை முக்கி முக்கி, வேலியோரம் நெடுக ஒரு செடி விடாமல் அடித்துக்கொண்டு போனாள். ஆடுகள் வந்தன, மோந்தன, தும்மின, புல்லுக்குத் திரும்பின. பாவாத்தா வெய்யிலில் நின்று தன்னந்தனியாகச் சிரித்ததை ரோட்டில் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஊர் அப்போதும் திருந்தவில்லை. நல்லசாமியின் மயிலைக் காளை, சந்தையில் நாலு மாவட்டத்துக்காரர்கள் வந்து தடவிப் பார்க்கிற காளை, ஒரு காலையில் கட்டுத்தறிச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றபோதுதான் திருந்தியது. டாக்டர் பர்வீன் வந்து பார்த்துவிட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். காளையைக் காட்டிலேயே மஞ்சள் துணி போர்த்திப் புதைத்தார்கள். நல்லசாமி எல்லோர் முன்னாலும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மறுநாள் காலையில் பாவாத்தா வீட்டு வாசலில் ஒரு மண்குடத்தோடு வந்து நின்று, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"ஏம்புள்ள, ஒரு குடத்துக்கு எத்தன கூடை புழுக்க போடோணும்?"

பாவாத்தா அவரைக் குத்திக்காட்டவில்லை. "வாங்கண்ணா, சொல்றனுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரைப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல், மாரியம்மனுக்குத் தீர்த்தக்குடம் எடுக்கிற அதே வரிசையில், அதே மேளத்தோடு, புழுக்கைக் குடம் எடுத்தோம். பெண்கள் குடத்துக்கு மஞ்சள் பூசினார்கள், பூசாரி முதல் விளக்குமாற்றைத் தொட்டுக் கொடுத்தார். வரப்புச் சண்டைக்காரர்கள் பேசாமலே ஆளுக்கொரு பக்கமாக ஒரே வேலிக்கு அடித்துக்கொண்டு போனார்கள். கிலுகிலுப்பை, ஊமத்தை, எருக்கு, அரளி, எதையெல்லாம் ஆட்டுக்குத் தெரியும் என்று நாங்கள் தெரிந்துகொள்ளாமலே இருந்தோமோ அதையெல்லாம் இலையைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டோம். ஊரே நாறியது. நால்ரோட்டில் போய் ஏறினால் வெளியூர்க்காரர்கள் எங்களோடு பஸ்ஸில் உட்காரமாட்டேன் என்றார்கள், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மறுபடி அடித்தோம்.

மார்கழியில் பாவாத்தாவின் மிச்ச ஆடுகள் ஈன்றன. ஒன்றுகூடத் தவறவில்லை, சில ஆடுகள் இரட்டைக் குட்டி போட்டன. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள மூத்த ஆடு பெண் குட்டி போட்டபோது அவள் சொன்னபடியே நல்லசாமி வந்து பார்த்தார், கூடவே ஒரு கட்டுச் சோளத்தட்டையும் தூக்கிவந்து போட்டுவிட்டுப் போனார். குட்டிகள் தாயின் காலடியிலேயே நடந்தன, தாய் கடித்த புல்லைக் கடித்தன, தாய் மோந்து ஒதுங்கிய செடியை மோந்து ஒதுங்கின.

ஆனால் தை மாதத்தில் மழை பெய்யும் என்று யார் எதிர்பார்த்தது? வானம் பொத்துக்கொண்டது போல் விடாமல் ஊற்றியது. குடத்தோடு போனவர்கள் அடிக்க அடிக்கக் கரைசல் இலையைவிட்டு வழிந்து மண்ணில் கலந்தது. சேர்த்து வைத்த புழுக்கையெல்லாம் பட்டியோடு கரைந்து ஓடையில் போனது. சோளத்தட்டும் தீர்ந்தது. ஆடுகள் பட்டியில் நின்று கத்தின, குட்டிகள் வற்றிய மடியை முட்டி முட்டிக் கத்தின. மழை விட்ட காலையில் கிலுகிலுப்பைகள் குளித்து எழுந்த மாதிரி பளிச்சென்று நின்றன, காய்கள் முற்றிக் கிலுகிலுத்தன, ஒரு இலையிலும் வாசமில்லை.

பசியோடு விடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடாவிட்டால் பட்டியிலேயே சாகும். ஊர் முழுக்கச் சேற்றை மிதித்துக்கொண்டு பாவாத்தாவின் காட்டு வேலிக்கு வந்து நின்றோம், ஏனென்றால் அவள் என்ன செய்கிறாளோ அதைத்தான் நாங்களும் செய்யப்போகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"என்ன புள்ள பண்ணப்போற?" என்றார் நல்லசாமி.

"தொறக்கறனுங்கண்ணா."

"தின்னுபோட்டா?"

"இத்தன நாளு மூக்குல ஏத்துனது கொஞ்சமாச்சு நெனப்புல இருக்குமுங்க. எனக்கு நம்பிக்கையிருக்குது." சொல்லிக்கொண்டே படல் கயிற்றை அவிழ்த்தாள்.

ஆடுகள் முண்டியடித்து உள்ளே பாய்ந்து புல்லில் வாய் வைத்தன. மழையில் சாய்ந்த புல் கொஞ்சம்தான் இருந்தது. மேய்ந்து மேய்ந்து வேலியோரம் வந்தன. சுட்டியாட்டின் குட்டி முன்னால் ஓடி, ஒரு கிலுகிலுப்பைக்கு நேரே நின்று, மூக்கை நீட்டியது. வாசமில்லாததால் இன்னும் கொஞ்சம் நீட்டியது. நாக்கை நீட்டி இலையை ஒரு தடவை நக்கியது. அது இனித்திருக்க வேண்டும், வாலை ஆட்டியது. நல்லசாமி கண்ணை மூடிக்கொண்டார். பாவாத்தா அசையவில்லை.

சுட்டியாடு புல்லை விட்டுத் தலையைத் தூக்கியது. வேகமாக வந்தது. குனிந்து, குட்டியின் விலாவில் ஒரு முட்டு முட்டி, செடிக்கு அப்பால் தள்ளியது. குட்டி கத்திக்கொண்டே மறுபடி வந்தது, மறுபடி முட்டித் தள்ளியது. பிறகு அந்தச் செடிக்குத் தன் முதுகைக் காட்டிக்கொண்டு குறுக்கே நின்று, காலடியில் இருந்த புல்லைக் கடித்தது. அடுத்த ஆடு வந்து, செடியைப் பார்த்து, சுற்றிக்கொண்டு போனது. அதற்கடுத்ததும் அப்படியே போனது.

வேலிக்கு வெளியே நின்ற நாங்கள் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கத்தினோம். ரங்கராசு அழுதான், பூசாரி மேளக்காரரைத் தேடி ஓடினார். கசப்பு திரும்பி வந்துவிட்டது, அம்மன் கொடுத்துவிட்டாள் என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

அதைக் கேட்ட பாவாத்தா அந்தச் செடியிடம் போனாள். ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"இல்லீங்க, இனிப்பாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுத் துப்பினாள்.